ஒரே சாதி, இரண்டு சான்றிதழ்

"இதுவே போதும்ல அண்ணா?"

இ-சேவை மையத்தில் இன்று மாலை, கல்லூரி ஆசிரியர் பணிக்கும் ஆய்வு உதவித்தொகைக்குமான நெட் தேர்வுக்கு விண்ணப்பிக்க வந்த பெண். கையில் லேமினேட் செய்த எம்பிசி சான்றிதழ்.

போதாது.

அது மாநில அரசுக்கு. நெட் வழியே கிடைக்கும் ஆய்வு உதவித்தொகையான ஜேஆர்எஃப் மத்திய அரசுப் பணம். முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000, பிறகு 42,000, வீட்டு வாடகைப்படி தனி. அங்கே பிசி, எம்பிசி கிடையாது, ஓபிசி (இதர பிற்படுத்தப்பட்டோர்) தான். அதிலும் கிரீமி லேயரில் (இட ஒதுக்கீடு கிடைக்காத வசதியான பிரிவில்) வராதவர் என்று மத்திய அரசுப் படிவத்தில் தனிச் சான்றிதழ் வேண்டும். மாநிலப் பட்டியலில் உள்ள எல்லாச் சாதியும் மத்தியப் பட்டியலில் இருக்காது; முதலில் அதைப் பாருங்கள்.

பலர் இடறுவது வருமானத்தில். வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம்தான். ஆனால் அரசு ஊழியரான பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் அந்தக் கணக்கில் சேராது. அப்பா அரசுப் பள்ளி ஆசிரியர், மாதம் 80,000 வாங்குகிறார் என்பதால் தானாகவே பொதுப்பிரிவில் போட்டுக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. (நேரடியாக குரூப் ஏ எனும் உயர்நிலை அரசுப் பதவியில் சேர்ந்தவர் என்றால் கதை வேறு.)

முடிவு வந்த பிறகும் ஒரு குழப்பம். 2024 முதல் தேர்ச்சியில் மூன்று பிரிவு. முதல் பிரிவுக்கு மட்டுமே உதவித்தொகை. 'பிஎச்டி சேர்க்கைக்குத் தகுதி' என்று மட்டும் வந்தால் பணம் இல்லை, அந்த மதிப்பெண்ணும் ஓராண்டுக்குத்தான் செல்லும்.

படிப்பில் தோற்பதைவிட படிவத்தில் தோற்பதுதான் எரிச்சல்.

அந்தப் பெண் சான்றிதழைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் ஒன்றுமில்லை.