அப்பாவில் ஒரு 'ப', தம்பியில் ஒரு 'ப': கற்பித்தல் பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு

தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பின் இரண்டாம் ஆண்டில், திருப்பூரில் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் கற்பித்தல் பயிற்சி செய்தேன். இரண்டாம் வகுப்பு ஆங்கிலம் என் பொறுப்பு. பயிற்சிக்குப் போகும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் பாடத்திட்டம் எழுதுவதைப் பற்றியும் துணைக்கருவிகளின் எண்ணிக்கையைப் பற்றியும்தான். அவற்றை உங்கள் விரிவுரையாளர்களே சொல்லிவிடுவார்கள். குழந்தைகளின் வாயையும் காதையும் பற்றி அந்த வகுப்பறையில் நான் கற்றதை இங்கே எழுதுகிறேன்.

முதல் வாரம், பூனைப் படம் போட்ட மின்னட்டையைத் தூக்கினால் போதும், "சி ஏ டி, கேட்" என்று வகுப்பே பாடியது. எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. மறுநாள் முதல் எழுத்தை மட்டும் 'எம்' என்று மாற்றிக் கரும்பலகையில் எழுதினேன். யாரும் வாய் திறக்கவில்லை. சற்று நேரம் கழித்து ஒரு பையன், "எம் ஏ டி, கேட்" என்றான். அதுவரை அவர்கள் வாசித்தது சொல்லை அல்ல, பூனைப் படத்தை.

'சி' என்பது எழுத்தின் பெயர். அந்தச் சொல்லில் அதன் ஒலி 'க்'. மூன்று பெயர்களை அடுக்கினால் 'சியேடி' வருமே தவிர, 'கேட்' எங்கிருந்து வரும்? தமிழ் வாசிப்பில் குழந்தைகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. க் என்ற மெய்யோடு அ சேர்ந்தால் க என்பது அவர்களுக்கு ஒன்றாம் வகுப்பிலேயே தெரியும். அதையே பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு ஆங்கில எழுத்துக்கும் பெயரை விட்டுவிட்டு, புள்ளி வைத்த ஒலியைச் சொல்லிக் கொடுத்தேன்: ம், ப், ட். இதில் ஒன்று கவனம். நீங்களே அவசரத்தில் 'ப' என்று சொல்லிவிட்டால் புள்ளி போய்விடும். 'ப, எ, ன' என்று எத்தனை முறை சொன்னாலும் அது 'பென்' ஆகாது. வீட்டில் கண்ணாடி முன் நின்று இதைப் பழகிக்கொண்டு போங்கள்.

'புக்கு', 'இஸ்கூல்' என்று குழந்தைகள் சொல்லும்போது சிரிக்கவோ அதட்டவோ செய்யாதீர்கள். வல்லின மெய் சொல்லின் இறுதியில் வராது, எந்த மெய்யும் சொல்லுக்கு முதலில் வராது என்று நாம் இலக்கணத்தில் படித்தோம். அந்த விதியை யாரும் சொல்லித் தராமலேயே அந்தக் குழந்தையின் நாக்கு கடைப்பிடிக்கிறது. நீங்கள் திருத்தமாகத் திரும்பச் சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடருங்கள், அது போதும்.

என்னை அதிக நாள் திணறவைத்தது 'பி' எழுத்துகள்தான் (p, b). ஆங்கிலத்தில் அவை இரண்டு, தமிழில் இரண்டுக்கும் ஒரே ப. குண்டூசியும் 'பின்', குப்பைக்கூடையும் 'பின்'. பேரிக்காயும் 'பேர்', கரடியும் 'பேர்'. தமிழில் எழுதிக் காட்டினால் வேறுபாடே தெரியாது. வழிகாட்டி ஆசிரியர்தான் ஒருநாள் இடைவேளையில் வழி காட்டினார்: "அப்பா என்று சொல்லுங்கள், தம்பி என்று சொல்லுங்கள். இரண்டும் ஒரே ப-வா?" இல்லை. இரட்டிக்கும்போது ஓர் ஒலி, மெல்லினத்துக்குப் பின்னே வேறோர் ஒலி. இரண்டும் நம் குழந்தைகளின் வாயில் ஏற்கெனவே இருக்கின்றன, எழுத்து மட்டும்தான் ஒன்று. பக்கம், தங்கம் என்றால் க. பட்டம், வண்டி என்றால் ட. குண்டூசிக்கு 'அப்பா ப', கூடைக்குத் 'தம்பி ப' என்று பெயர் வைத்தோம். அடுத்த வாரமே குழந்தைகள் ஒருவரை ஒருவர் திருத்த ஆரம்பித்தார்கள்.

அந்த வகுப்பில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு சிறுமி இருந்தாள். பெற்றோர் பனியன் கம்பெனியில் வேலை செய்தார்கள். அவளுக்குத் தமிழே இரண்டாம் மொழி, ஆங்கிலம் மூன்றாவது. இரண்டு வாரம் ஒரு சொல் பேசவில்லை. எண்ணும் எழுத்தும் என்ற அரசுத் திட்டத்தில் குழந்தைகளைக் கற்றல் நிலைக்கு ஏற்ப, தொடக்க நிலையிலிருந்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறோம் அல்லவா? என் குறிப்பேட்டில் அவள் பெயருக்கு நேரே 'அரும்பு' என்று எழுதி, 'எதுவும் புரியவில்லை' என்றும் சேர்த்திருந்தேன்.

ஒருநாள் ஒரு மூலையில் குண்டூசிப் படம், எதிர் மூலையில் குப்பைக்கூடைப் படம் ஒட்டினேன். வாயை நோட்டால் மறைத்துக்கொண்டு சொல்லைச் சொல்வேன்; குழந்தைகள் சரியான மூலைக்கு ஓட வேண்டும். சொல்லுக்கு உடலால் பதில் சொல்லும் இந்த முறையை வகுத்தவர் ஜேம்ஸ் ஆஷர் என்று உளவியல் தாளில் படித்திருந்தேன். பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகப் படிக்கும் ஒரு பையனின் பின்னாலேயே ஓடினார்கள். அவள் மட்டும் யாரையும் பார்க்காமல் மெதுவாக நடந்து போய் நின்றாள். ஐந்து முறை சொன்னேன், ஐந்து முறையும் சரி.

காரணம் பிறகுதான் விளங்கியது. ஒடியாவில் அந்த இரண்டு ஒலிக்கும் தனித்தனி எழுத்து உண்டு. அப்பாவைக் குறிக்கும் ஒடியாச் சொல்லிலேயே முதலில் 'தம்பி ப', அடுத்து 'அப்பா ப' என்று இரண்டும் இருக்கின்றன. நாங்கள் வாரக்கணக்கில் முட்டி மோதிய இடத்தை அவள் பிறந்த மொழியிலேயே கடந்திருந்தாள். புது மொழிக்குள் வரும் குழந்தை சில காலம் பேசாமல் கேட்டுக்கொண்டே இருக்கும், அதை மொழி கற்றலை ஆய்ந்த ஸ்டீபன் கிராஷன் மௌனக் காலம் என்பார் என்று நானே தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருந்தேன். என் எதிரில் அமர்ந்திருந்த குழந்தையிடம் அதைப் பார்க்கத் தவறிவிட்டேன். அன்று மாலை குறிப்பேட்டில் அந்த வரியை அடித்தேன்.

ஆகவே குறிப்பேட்டில் 'பேசவில்லை' என்று எழுதுங்கள். 'புரியவில்லை' என்று எழுதுவதற்கு முன், சுட்டிக்காட்டவோ எடுத்துத் தரவோ எழுந்து நிற்கவோ சொல்லிப் பாருங்கள். செய்முறைத் தேர்வு நாளுக்காகப் பதில்களை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். எங்கள் குழுவில் அப்படிச் செய்த ஒருவரின் வகுப்பில், தேர்வாளர் கேள்வியின் வரிசையை மாற்றிக் கேட்டதும் பிள்ளைகள் பயந்து அழுதுவிட்டார்கள். துணைக்கருவிகள் பத்து வேண்டாம். நான் செய்தவற்றில் கடைசிவரை உழைத்தவை அந்த இரண்டு படங்கள்தான்.

பயிற்சி முடிய மூன்று நாள் இருந்தபோது, அந்தச் சிறுமி பென்சில் சீவிய துருவலை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "டீச்சர், பின்?" என்றாள். தெளிவான தம்பி ப. கதவருகே இருந்த கூடையைக் காட்டினேன்.