பிரிஸ்டல் போகும் முன் ஓத அட்டவணையைப் பாருங்கள்

வசந்தத்தில் இங்கிலாந்தின் பிரிஸ்டலுக்குப் போகத் திட்டமிடுகிறவர்கள் பெரும்பாலும் வானிலையைப் பார்த்துத்தான் தேதி குறிக்கிறார்கள். ஏப்ரலில் அதனால் பெரிய பயன் இல்லை. காலையில் வெயில், மதியம் தூறல், சாயங்காலம் மறுபடி வெயில் என்று ஒரே நாளில் எல்லாம் வந்து போகும். தேதி குறிக்கப் பார்க்கவேண்டியது, ஏவன் ஆறு கடலில் சேரும் ஏவன்மவுத் துறைமுகத்தின் ஓத அட்டவணை, அதாவது கடல்நீர் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று சொல்லும் பட்டியல். அந்த ஊர் கட்டப்பட்ட விதமே கடலின் ஏற்ற வற்றத்துக்குச் சொன்ன பதில்தான். ஆற்றில் நீர் வற்றியும் நிறைந்தும் பார்க்காமல் திரும்பினால் பாதி ஊரைத்தான் பார்த்திருப்பீர்கள்.

அட்லாண்டிக்கிலிருந்து வரும் நீர் பிரிஸ்டல் சேனல் என்ற வளைகுடாவுக்குள் நுழைகிறது. அது புனல் மாதிரி உள்ளே போகப் போகக் குறுகும், ஆழமும் குறையும். பரவ இடமில்லாத நீர் மேலே எழுகிறது. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் ஏவன்மவுத்தில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் 12 மீட்டரைத் தாண்டும். ஏறத்தாழ நான்கு மாடி உயரம். உலகிலேயே மிகப் பெரிய ஓத வித்தியாசம் உள்ள இடங்களில் இது ஒன்று. அதிலும் பகலும் இரவும் சமமாகும் மார்ச் 20-ஐ ஒட்டி, சூரியனும் நிலவும் நிலநடுக்கோட்டுக்கு மேலே நின்று சேர்ந்து இழுப்பதால், மார்ச்சிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் வரும் ஏற்றங்கள் ஆண்டின் மிகப் பெரியவற்றில் சேரும். உச்சம் பௌர்ணமியன்றே வராது. ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் வரும். தேதி குறிக்கும்போது அந்த நாட்களை எடுங்கள்.

இந்தப் பெரிய ஓத நாட்களில் ஒரு வசதி உண்டு. ஏவன்மவுத்தில் உயர்ந்த நீர் எப்போதும் காலை 7 முதல் 9 மணிக்குள்ளும், அதே போல இரவு 7 முதல் 9-க்குள்ளும்தான் வரும். வற்றம் நடுப்பகல் தாண்டி, 2 மணி வாக்கில். அதாவது மதியம் சேறு, அந்தியில் வெள்ளம். எட்டாம் பிறையை ஒட்டிய நாட்களில் எல்லாம் தலைகீழ்: நடுப்பகலில் ஏற்றம் வரும், ஆனால் வித்தியாசம் பாதியளவுதான்.

இங்கே பலர் தவறும் இடம் ஒன்று. சில அட்டவணைகள் ஆண்டு முழுவதும் கிரீன்விச் நேரத்திலேயே அச்சாகும். மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவிடுவார்கள். அதற்குப் பிறகு போகிறவர்கள் ஒரு மணி கூட்டிக்கொள்ளவேண்டும். கூட்டாமல் போனால் ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்க் காத்திருப்பீர்கள். கூட்டவேண்டுமா என்பது அட்டவணையின் தலைப்பிலோ அடிக்குறிப்பிலோ இருக்கும்.

நேரத்தில் குழப்பம் இந்த ஊருக்குப் புதிதல்ல. கார்ன் தெருவில் 1743-ல் கட்டிய எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தின் கடிகாரத்தில் நிமிட முட்கள் இரண்டு உண்டு. பிரிஸ்டல் லண்டனுக்கு மேற்கே இருப்பதால் அங்கே சூரியன் உச்சிக்கு வருவது பத்து நிமிடம் தாமதம். 1852 வரை ஊரும் அந்த நேரத்திலேயே நடந்தது. ரயில் வந்த பிறகு ஊர் நேரம், லண்டன் நேரம் இரண்டும் தேவைப்பட்டதால் இரண்டு முட்கள். அதன் அடியில் நடைபாதையிலேயே இடுப்பளவு உயரத்தில் நான்கு வெண்கலத் தூண்மேசைகள் நிற்கின்றன. வணிகர்கள் இவற்றின் மேல் வைத்துத்தான் பணத்தை எண்ணினார்கள். மேல்தட்டின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள்: நாணயம் உருண்டு விழாதபடி சற்றே தூக்கிவிட்டிருக்கிறார்கள்.

இனி துறைமுகம். கடலிலிருந்து ஏவன் ஆற்றில் சுமார் 11 கிலோமீட்டர் உள்ளே வந்தால்தான் ஊர். பழைய நாளில் ஓதம் வற்றியதும் கரையோரம் கட்டிய கப்பல்கள் சேற்றில் உட்கார்ந்துவிடும். சுமை ஒரு பக்கம் சரியும், பலகை பிளக்கும். இதற்கு வழி கண்டவர் வில்லியம் ஜெசப் என்ற பொறியாளர். 1804 முதல் 1809 வரை வேலை நடந்தது. பழைய ஆற்றுப்படுகையின் இரு முனையையும் அடைத்து நீரைத் தேக்கினார்கள். ஓதம் ஏறி இறங்கும் ஆறு ஓடுவதற்குத் தெற்கே ‘நியூ கட்’ என்று புதிய வாய்க்கால் வெட்டினார்கள். தேங்கிய பகுதியில் கப்பல் எந்நேரமும் மிதக்கும் என்பதால் அதற்கு ஃபுளோட்டிங் ஹார்பர் என்று பெயர்.

தேக்கினால் வண்டல் சேரும். அதை வெளியேற்றும் வழியை அண்டர்ஃபால் யார்டுக்குப் போய்ப் பாருங்கள். 1830-களில் புரூனல் என்ற பொறியாளர் அங்கே அணையின் மேலே வழிந்த நீரை அடியில் வழியும்படி மாற்றினார். வெளியே ஆறு வற்றியிருக்கும்போது ஆழத்தில் இருக்கும் மதகைத் திறந்தால், உள்ளே தேங்கிய நீரின் அழுத்தமே சேற்றை அடித்து வெளியே தள்ளிவிடும். நம் குளத்து மதகைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது உடனே பிடிபடும்.

அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் எஸ்.எஸ். கிரேட் பிரிட்டன். 1843-ல் அதே இடத்தில் உருவான, 98 மீட்டர் நீள இரும்புக் கப்பல். 1844 டிசம்பரில் வெளியேறும்போது பூட்டுவாய்க்காலில் (இருபுறமும் கதவு வைத்து, நீர்மட்டத்தை ஏற்றி இறக்கிக் கப்பலைக் கடத்திவிடும் வாய்க்கால்) சிக்கிக்கொண்டது. பின்னுக்கு இழுத்து, ஓரக் கற்களைப் பெயர்த்து, அடுத்த ஓதத்தில்தான் வெளியே கொண்டுபோனார்கள். ஃபாக்லாந்து தீவுகளில் கைவிடப்பட்டுக் கிடந்ததை 1970-ல் மிதவையில் ஏற்றிக் கொண்டுவந்தபோதும், பிறந்த துறைக்குள் நுழைய மீண்டும் பெரிய ஓதத்துக்காகக் காத்திருந்தார்கள். நுழைந்த நாள் ஜூலை 19. மேல்தளத்தை விட அடியில் அதிக நேரம் செலவிடுங்கள். கப்பலைச் சுற்றி நீர்மட்டத்தில் கண்ணாடி போட்டு, அதன் கீழே காற்றின் ஈரப்பதத்தை 20 சதவீத அளவில் வைத்திருக்கிறார்கள். இரும்புக்குள் ஊறிய கடலுப்பு அதற்கு மேல் ஈரம் பட்டால் மறுபடி அரிக்கத் தொடங்கும். தகட்டில் துளை விழுந்த இடங்களை அருகில் நின்றே பார்க்கலாம்.

எதிர்க்கரைப் பக்கம் பெரோ பாலம். ஊரின் செல்வம் எதிலிருந்து வந்தது என்பதைத் தாண்டிப் போகாதீர்கள். பிரிஸ்டலுக்குக் கொண்டுவரப்பட்ட பெரோ என்ற அடிமையின் பெயர்தான் அந்தப் பாலத்துக்கு. அடிமை வணிகர் கோல்ஸ்டனின் சிலையை 2020 ஜூன் 7 அன்று மக்கள் உருட்டிக்கொண்டுவந்து அதன் அருகேதான் நீரில் தள்ளினார்கள். இப்போது சிலை எம் ஷெட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நுழைவு இலவசம், ஆனால் திங்கட்கிழமை போகாதீர்கள், மூடியிருக்கும். ராஜாராம் மோகன் ராய் 1833-ல் இந்த ஊரில்தான் மறைந்தார். காலேஜ் கிரீனில் அவர் சிலை நிற்கிறது. கல்லறை ஆர்னோஸ் வேல் இடுகாட்டில்.

மதியம் 2 மணி வாக்கில், வற்றம் இருக்கும்போதே, கிளிஃப்டன் தொங்குபாலத்துக்கு ஏறுங்கள். ஹாட்வெல் சாலையிலிருந்து ஜிக்ஜாக் என்ற நடைபாதை போகிறது, ஏற்றம் கடுமை. 1864-ல் திறந்த பாலம். தூண்களுக்கு இடையே 214 மீட்டர். நடந்து கடக்கக் கட்டணம் இல்லை. நடுவில் நின்று குனிந்தால், சுமார் 75 மீட்டர் கீழே, இருபுறமும் வழவழவென்று பழுப்புச் சரிவு, நடுவே ஓடை மாதிரி ஒரு நீர்க்கோடு. அந்தச் சேற்றில் கால் வைக்க மட்டும் நினைக்கவே வேண்டாம், ஆளை இழுத்துப் பிடித்துவிடும். பாலத்தின் அக்கரையில் லீ வனம். ஏப்ரல் நடுவிலிருந்து மே தொடக்கம் வரை மரத்தடி முழுக்க நீலமணிப் பூக்கள், காட்டுப்பூண்டின் வாசனை வேறு. பிரிட்டனில் இந்தப் பள்ளத்தாக்கில் மட்டுமே இயற்கையாக வளரும் பிரிஸ்டல் ராக்கிரெஸ் என்ற சின்னச் செடியும் பாறை இடுக்கில் அப்போதுதான் பூக்கும். பாதையில் ஈரம் காயாது. பிடிப்புள்ள காலணி வேண்டும். பகலில் 13, 14 டிகிரி இருந்தாலும் பாலத்தின் மேல் காற்று குளிரும். காற்று புகாத மேலுறை ஒன்று இருந்தால் உள்ளே மெல்லிய ஸ்வெட்டர் போதும்.

பிறகு இறங்கி, ஆற்றிலிருந்து துறைமுகத்துக்குள் நுழையும் வழியான கம்பர்லாண்ட் பேசின் கதவருகே வாருங்கள். உயர்ந்த நீருக்கு இரண்டு மணி நேரம் முன்னால் வந்தால் ஆறு கடலை விட்டு ஊரை நோக்கி, மரக்கிளைகளையும் நுரையையும் இழுத்துக்கொண்டு பின்னோக்கி ஓடுவதைப் பார்க்கலாம். படகுகள் உள்ளே வருவதும் வெளியே போவதும் அந்த நேரத்தில்தான். ஏப்ரல் நடுவில் சூரியன் மறைவது 8 மணி வாக்கில். துறைமுகப் படகுச் சேவை அதற்கு முன்பே நின்றுவிடும். டெம்பிள் மீட்ஸ் ரயில் நிலையத்துக்கு நீரோரமாக நடக்க முக்கால் மணி நேரம் ஆகும். லண்டன் பாடிங்டனுக்கு அங்கிருந்து ஏறத்தாழ ஒரு மணி நாற்பது நிமிடம், ஆகவே திரும்பும் ரயிலை 10 மணியை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.