ஏரியில் பார்த்ததை எழுதி அனுப்பும்போது

ஐப்பசி பிறந்ததும் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்துப் பறவை வாட்ஸப் குழுக்களில் செய்தி குவியத் தொடங்கும். "மதுராந்தகம் தாண்டி ஒரு ஏரியில் நிறைய வாத்து" என்ற வகைச் செய்திதான் அதிகம். எந்த ஏரி, எந்தக் கரை, எத்தனை மணி, என்ன வாத்து, எத்தனை? இவை இல்லாத செய்தியை நம்பி மறுநாள் காலையில் யாரும் கிளம்ப முடியாது. பத்து வருஷம் கழித்து அந்த ஏரியின் நிலையை ஒப்பிட நினைப்பவருக்கும் அதில் ஒன்றும் கிடைக்காது. எழுத ஆகும் நேரம் இரண்டு நிமிஷம்தான், அதைக் கொடுத்துவிடலாம்.

இடத்தைச் சொல்ல நம் ஏரிகளிலேயே நல்ல அடையாளங்கள் இருக்கின்றன. மதகு, கலங்கல், உள்வாய், கரைமேல் இருக்கும் அய்யனார் கோயில் என்று எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். "இரண்டாம் மதகில் நின்றால் நேர் எதிரே, கருவேல மரங்களுக்கு முன்னால் உள்ள சேற்றுத் திட்டு" என்று எழுதினால் யாரும் தடுமாறாமல் போய் நிற்பார்கள். பார்த்த பறவைகளைப் பட்டியலாகப் பதிவுசெய்யும் இணையதளமும் செயலியுமான இ-பேர்டில், பட்டியலுக்கு வரைபடத்தில் குறிபோடும்போது நீங்கள் நின்ற இடத்தில் போடுங்கள், பறவை இருந்த இடத்தில் அல்ல. பழவேற்காடு மாதிரி இடங்களில் இது முக்கியம். அந்த ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. கண்ணுக்கு எட்டிய பூநாரைக் கூட்டத்தின்மேல் குறியை வைத்தால் உங்கள் பட்டியல் மாநிலமே மாறிவிடும். 2019இல் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தபோது வேடந்தாங்கலும் கரிக்கிலியும் செங்கல்பட்டுக்குப் போய்விட்டன. பழைய பழக்கத்தில் "காஞ்சிபுரம் மாவட்டம்" என்று எழுதுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

நிற்கும் இடமும் நேரமும் அடையாளத்தையே மாற்றிவிடும். இந்தக் கடலோர மாவட்டங்களில் நிலம் கிழக்கே சரிவதால் பெரும்பாலான ஏரிகளுக்குக் கரை கிழக்குப் பக்கம்தான். காலையில் கரைமேல் நின்றால் வெயில் முதுகில் விழும், தண்ணீரில் உள்ள பறவையின் நிறமெல்லாம் தெளிவாகத் தெரியும். மாலையில் அதே இடத்தில் நின்றால் எல்லாமே கறுப்புப் பொம்மைதான். நீர்க்காகங்களை இனம் பிரிக்கவோ கொக்குகளின் அலகு நிறம் பார்க்கவோ அப்போது முயலாதீர்கள். காலையிலும் ஒன்பது மணிக்கு மேல் கானல் எழும். டெலஸ்கோப்பை 60 மடங்குக்குத் திருகினால் பறவை பெரிதாகும், கூடவே நெளியவும் செய்யும். 20, 25இல் நிறுத்திப் பார்த்தால்தான் உருவம் நிற்கும். 8x42 பைனாகுலர் கையில் இருந்தால் பெரும்பாலான ஏரிகளுக்குப் போதும்.

எண்ணிக்கை எழுதத்தான் பலருக்கும் தயக்கம். தப்பாகிவிடுமோ என்று இ-பேர்டில் "எக்ஸ்" போட்டுவிட்டுப் போகிறார்கள். எக்ஸ் என்றால் பறவை இருந்தது என்பது மட்டும்தான் பொருள். இரண்டா இரண்டாயிரமா என்று யாருக்கும் தெரியாது. தோராயமாக 300 என்று எழுதுவது அதைவிட எவ்வளவோ மேல். பெரிய கூட்டத்தை எண்ண ஒரு ஓரத்தில் பத்துப் பறவையை ஒவ்வொன்றாக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொள்ளுங்கள். அதே அளவை அடுத்தடுத்து வைத்து ஐம்பது, நூறு என்று நகருங்கள். அனுபவம் உள்ளவர்களும் பெரிய கூட்டத்தைக் குறைத்தே மதிப்பிடுவார்கள். இருவர் தனித்தனியே எண்ணி, பிறகு ஒப்பிட்டுக்கொள்வது நல்லது.

நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் கலந்து தூங்கும்போது இனவாரியாக எண்ணப் போனால் பாதியில் கணக்கு விட்டுப்போகும். முதலில் மொத்தத்தை எண்ணுங்கள். பிறகு கூட்டத்தின் மூன்று நான்கு இடங்களில் மொத்தம் நூறு பறவையை எடுத்து எத்தனை நீலச்சிறகி, எத்தனை ஊசிவால் என்று பார்த்து, அந்த விகிதத்தில் மொத்தத்தைப் பிரியுங்கள். ஒரே ஓரத்தில் நூறும் எடுக்காதீர்கள், இனங்கள் தனித்தனிக் கொத்தாக இருப்பதுண்டு. நடுவில் சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று தாழ்ந்து பறந்தால் கூட்டம் முழுக்க எழும்பி வேறு மூலையில் இறங்கும். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் இரட்டைக் கணக்காகும், முதலிலிருந்து எண்ணுங்கள். எழும்பிய நொடியில் நாலு படம் எடுத்து வைத்தால் வீட்டில் கணினித் திரையில் புள்ளி வைத்து எண்ணிக்கொள்ளலாம்.

ஐந்து பேர் சேர்ந்து போனால் ஒருவர் மட்டும் பட்டியல் போட்டு மற்ற நால்வருடன் இ-பேர்டிலேயே பகிர வேண்டும். ஐவரும் தனித்தனியாக 800 நாமக்கோழி என்று ஏற்றினால், கூட்டிப் பார்ப்பவருக்கு அந்த ஏரியில் 4,000 வந்து நிற்கும்.

பட்டியல் முறையில் இன்னொரு தவறு நிறைய நடக்கிறது. "அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் எழுதினீர்களா?" என்ற கேள்விக்கு ஆம் என்று அழுத்திவிட்டு, காக்கை, மைனா, தவிட்டுக்குருவியை விட்டுவிடுகிறார்கள். இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய 2023 அறிக்கை 942 இனங்களை மதிப்பிட்டது. ஓர் இனம் பெருகுகிறதா குறைகிறதா என்பதை அந்த அறிக்கை கணித்தது, இப்படி ஆம் என்று அழுத்திய முழுப் பட்டியல்களில் எத்தனை சதவீதத்தில் அது இடம்பெறுகிறது என்பதை வைத்துத்தான். நீங்கள் காக்கையை எழுதாவிட்டால் கணக்கில் அங்கே காக்கை இல்லை. அழகான நாலு பறவையை மட்டும் எழுத ஆசைப்பட்டால் இல்லை என்று அழுத்துங்கள், அதில் குற்றமில்லை.

நின்ற இடத்திலிருந்து 30 மீட்டருக்குள் இருந்தால் ஒரே இடப் பட்டியல். அதற்கு மேல் நடந்தால் பயணப் பட்டியல். போன வழியே திரும்பினால் தூரத்தை ஒருமுறைதான் கணக்கிட வேண்டும். காலை ஆறு முதல் பன்னிரண்டு வரை மூன்று ஏரி சுற்றிவிட்டு ஒரே பட்டியலாகப் போடுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். அவ்வளவு உழைப்பும் எந்த ஏரிக்கும் சேராமல் போகிறது. ஏரிக்கு ஒன்றாக, 15 நிமிஷமோ அரைமணியோ எடுத்து மூன்று பட்டியல் போடுங்கள். பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்புக்கும் இதே அளவு போதும்.

அடையாளத்தில் மாவட்டம் முழுக்கக் குழப்புவது வுட், கிரீன், காமன் என்ற மூன்று சாண்ட்பைப்பர்கள், நீரோரச் சேற்றில் இரைதேடும் சிறு கரைப்பறவைகள். வுட் சாண்ட்பைப்பருக்கு முதுகெல்லாம் வெண்புள்ளி, கண்ணைத் தாண்டிப் பின்னால் நீளும் வெண்புருவம், மஞ்சள் கலந்த கால். கிரீனுக்கு முதுகு கருமை, புருவம் கண்ணோடு நின்றுவிடும். அது பறக்கும்போது இறக்கையின் அடிப்புறம் கறுப்பாகவும் பிட்டம் பளிச்சென்ற வெள்ளையாகவும் தெரியும். காமனுக்கு மார்பின் வெள்ளை தோளருகே மேலேறி நிற்கும். ஓயாமல் பின்பக்கத்தை ஆட்டும், தண்ணீரை ஒட்டி விறைத்த இறக்கையோடு பறக்கும். நாற்று நட்ட வயலில் இருபது கிரீன் பார்த்தேன் என்று யாராவது எழுதினால் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். கூட்டமாக நிற்பது அநேகமாக வுட்தான், கிரீன் ஒன்றிரண்டாகத் தனித்துத் திரியும். உறுதி இல்லையென்றால் "கரைப்பறவை இனம்" என்று போட வசதி இருக்கிறது, தயங்காமல் பயன்படுத்துங்கள். மெர்லின் செயலி குரலைக் கேட்டுச் சொல்லும் பெயரைப் பறவையைக் கண்ணால் பார்க்காமல் ஏற்றாதீர்கள். வைரி என்ற வேட்டைப்பறவையின் குரலைக் கரிச்சான் குருவி அப்படியே பாவனை செய்துவிடும்.

அரிய பறவை என்றால் இ-பேர்டு விவரம் கேட்கும். அந்தப் பெட்டியில் புத்தக வர்ணனையை எழுதிவிடுகிறார்கள். சரிபார்க்கும் தன்னார்வலருக்குத் தேவை நீங்கள் கண்டது: எவ்வளவு தூரம், வெளிச்சம் எந்தப் பக்கம், பக்கத்தில் நின்ற தெரிந்த பறவையோடு ஒப்பிட்டால் அளவு, எந்த ஒத்த இனத்தை எதனால் விலக்கினீர்கள். இந்தியப் புள்ளிக்கழுகு என்றால் வாயின் கோடு கண்ணின் பின்விளிம்பு வரை போகிறதா என்று காட்டும் பக்கவாட்டுத் தலைப் படம் ஒன்று பத்து வரிக்குச் சமம். படத்தைப் பறவையோடு ஒட்டி வெட்டாதீர்கள், பக்கத்துப் பறவையும் இருக்கட்டும். கேமரா கடிகாரம் சரியாக இருக்கிறதா என்று சீசனுக்கு ஒருமுறையாவது பாருங்கள்.

எல்லாவற்றையும் உடனே சொல்லவும் கூடாது. கல்குவாரியில் கூடு வைத்த கொம்பன் ஆந்தை, மேட்டில் முட்டையிட்ட ஆள்காட்டி, பகலில் ஒரே மரத்தில் உறங்கும் எந்த ஆந்தையாக இருந்தாலும் இடத்தைக் குழுவில் போடாதீர்கள். ஆள்காட்டியைச் சுற்றி நாலு பேர் கேமராவோடு நின்றால் அது முட்டையை விட்டு எழுந்துவிடும். சித்திரை வெயிலில் மூடாத முட்டை கெட அதிக நேரம் ஆகாது, காக்கையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். இ-பேர்டு சில இனங்களின் இடத்தைத் தானே மறைக்கும், ஆனால் உங்கள் ஊர் ஆந்தை அதில் இருக்கும் என்று நம்பாதீர்கள். குஞ்சு பறந்த பிறகு பட்டியலை ஏற்றினால் போதும், தேதி கெடாது. வாட்ஸப்பில் படத்தை டாக்குமென்டாக அனுப்பினால் அதில் பதிந்த ஜிபிஎஸ் இடமும் கூடவே போகும், சாதாரணப் படமாக அனுப்பினால் போகாது. ஐப்பசியில் வீட்டுத் தோட்டத்தில் களைத்து இறங்கும் ஆறுமணிக்குருவிக்கும் இதே கவனம் வேண்டும், வீட்டு முகவரியைப் போடாதீர்கள்.

கடைசியாக, குறிப்பில் தண்ணீர் அளவை எழுதுங்கள். கலங்கல் வழிகிறதா, பாதியா, நடுவில் குட்டை மட்டும்தானா? நல்ல மழை பெய்த வருஷம் கார்த்திகையில் எல்லா ஏரியும் நிரம்பி நிற்கும். பறவைகள் பரவிவிடுவதால் உங்கள் ஏரியில் எண்ணிக்கை குறையும். கரைப்பறவைகளுக்கு நிற்கச் சேறே இருக்காது. மாசி, பங்குனியில் நீர் வற்றும்போது அதே ஏரியில் நூற்றுக்கணக்கில் குவியும். தண்ணீர் குறிப்பு இல்லாத எண்ணைப் படிப்பவர், பறவை குறைந்துவிட்டது என்றோ பெருகிவிட்டது என்றோ தவறாக நினைத்துக்கொள்வார். வைகாசியில் காய்ந்த ஏரிக்கும் போய் 15 நிமிஷப் பட்டியல் ஒன்று போடுங்கள். நாலு உண்ணிக்கொக்கும் இரண்டு ஆள்காட்டியும்தான் இருந்தன என்றால் அதையே எழுதுங்கள்.