கூழாங்கல்லைத் தேடி அரிட்டாபட்டிக்கு

மதுரை மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ் ஏறும்போது மனதில் ஒரு காட்சிதான் இருந்தது. வெந்து வெளுத்த பொட்டல். ஆத்திரத்தோடு விறுவிறுவென்று நடக்கும் குடிகார அப்பன். அவன் பின்னால் வாயில் கூழாங்கல்லை அடக்கிக்கொண்டு வரும் மகன். பி.எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த நிலம் மறக்காது. 2021இல் ரோட்டர்டாம் திரைப்பட விழாவின் டைகர் விருதைப் பெற்ற முதல் தமிழ்ப் படம் அது. படம் எடுத்த ஊரைப் பார்த்துவிட வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன். தை மாதத்தில்தான் வாய்த்தது.

மேலூரில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். ஊர் நெருங்க நெருங்கத் திகைப்பு. கண்மாய் நிறையத் தண்ணீர். வரப்பெல்லாம் கொக்குகள். “இதுதான் அரிட்டாபட்டியா அண்ணே?” என்று ஆட்டோக்காரரிடம் இரண்டு முறை கேட்டுவிட்டேன்.

இதுதான். ஏழு குன்றுகள் சூழ்ந்த ஊர். 72 ஏரிகள், 200 சுனைகள் என்று அரசுக் கணக்கே சொல்கிறது. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டதும், டங்ஸ்டன் சுரங்கம் வருகிறது என்றதும் மக்கள் கொதித்தெழுந்து 2025 ஜனவரியில் சுரங்க ஏலத்தையே ரத்து செய்ய வைத்ததும் இந்த நீருக்கும் மலைக்கும் உரிய கதைகள். அப்படியானால் நான் திரையில் பார்த்த பொட்டல் எங்கே போயிற்று?

குடைவரைச் சிவன் கோயிலுக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். சிவனின் அவதாரமாகக் கருதப்படும் லகுலீசரின் சிற்பத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது உச்சிப்பொழுது. தை மாதம்தான், ஆனாலும் பாறை உள்ளங்காலைச் சுட்டது. நிழல் இருந்த இடம்வரை ஓடினேன். ஓடும்போது அந்தச் சிறுவனின் நடை நினைவுக்கு வந்தது. எந்தக் கல் சுடும், எங்கே கால் வைக்கலாம் என்று அவனுடைய பாதத்துக்குத் தெரியும். அதைப் படப்பிடிப்புக்கு வந்த இடத்தில் கற்றுக்கொள்ள முடியாது.

வினோத்ராஜ் இந்த மேலூர்ப் பக்கத்துக்காரர். சின்ன வயதிலேயே படிப்பை விட்டு மதுரை பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர், திருப்பூருக்கும் போனார், சென்னையில் டிவிடி கடையில் வேலை பார்த்தபடியே உலகப் படங்களைப் பார்த்தார். புகுந்த வீட்டிலிருந்து துரத்தப்பட்ட அவருடைய தங்கை, கைக்குழந்தையோடு 13 கிலோமீட்டர் நடந்தே வந்து சேர்ந்தார். அதே தூரத்தை அவருடைய கணவன் நடந்தால் எப்படி இருக்கும் என்ற கேள்விதான் படம். தங்கையின் கண்ணீரைக் காட்டி நம்மை அழவைத்திருக்கலாம். அதைவிட்டு அந்த ஆணை வெயிலில் நடக்கவிட்டாரே, அந்த அறக்கோபத்தை நான் வணங்குகிறேன். 2024இல் வந்த அவருடைய அடுத்த படமான ‘கொட்டுக்காளி’யிலும் வழிநெடுகப் பயணம்தான். இந்தப் பக்கத்துச் சாலைகளை அவர் கதையின் பின்புலமாக வைத்துக்கொள்ளவில்லை; கதையே சாலையில்தான் நடக்கிறது.

வெளியூர்க்காரன் நான் கேமரா வைத்திருந்தால் கண்மாயைத்தான் எடுத்திருப்பேன், குன்றுக்குப் பின்னால் விழும் சூரியனையும் சேர்த்து. அவரோ பன்னிரண்டு மாதமும் பார்த்து வளர்ந்தவர். தெரிந்தே கோடையைத் தேர்ந்தெடுத்தார்.

இறங்கும் வழியில் ஓர் அம்மா ஆடுகளுக்குக் குழை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தார். “கண்மாய் நிறைந்து கிடக்கிறதே அம்மா” என்றேன். நிமிர்ந்து பார்த்தார்.

“இப்போது அப்படித்தான் தம்பி இருக்கும். மழை பொய்த்த வருடம் சித்திரையில் வந்து பார். இதே கண்மாய்க்குள் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்குச்சியால் மொண்டு மொண்டு ஊற்ற வேண்டும். ஒரு குடம் நிறைவதற்குள் பொழுது போய்விடும்.”

படத்தின் கடைசிக் காட்சி அதுதான். குழியைச் சுற்றிப் பெண்கள் குடங்களோடு காத்திருக்கிறார்கள். ஊறி வரும் கலங்கல் நீரை ஒருத்தி பொறுமையாக மொண்டு ஊற்றுகிறாள். கேமரா நகரவே நகராது. அந்தப் படம் பார்த்தீர்களா என்று அவரிடம் கேட்டேன். இல்லை என்றார்.

சித்திரையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.