எட்டு மாடிக்கும் கேட்கணும்

ஜூன் 8, 2024, சனி

பெரும்பாக்கம் குடியிருப்பில் நாடகப் பயிற்சி, முதல் நாள். 14 பேர் வந்தார்கள். பெயர்களை இங்கே எழுதப்போவதில்லை. பாதிப் பேர் ஆயிரம் விளக்குப் பக்கம் கூவம் கரையில் பிறந்தவர்கள். அங்கிருந்த வீடுகளை இடித்து, 20 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இங்கே கொண்டுவந்து விட்டபோது சின்னப் பிள்ளைகள்.

வீடு இடிபடும் நாளைக் காட்சியாக யோசித்து வைத்திருந்தேன். சொல்லி முடிப்பதற்குள் பத்தாவது படிக்கும் பெண் கேட்டாள்: "அழுவுற சீன்தானே அக்கா? வர்றவங்க எல்லாரும் அதான் போடச் சொல்றாங்க."

அதை அங்கேயே விட்டுவிட்டேன். மீதி நேரம் முழுக்க விளையாட்டுதான்.

ஜூன் 15

"சரி, நீங்க எதைப் போடணும்?" என்று கேட்டேன். லிப்ட், தண்ணீர், குப்பை என்று போய்க்கொண்டிருந்தது. அப்புறம் பிளஸ் டூ முடித்த பையன் "அட்ரஸ்" என்றான்.

ஒரு கடைக்கு வேலை கேட்டுப் போயிருக்கிறான். எல்லாம் நன்றாகத்தான் போனதாம். எங்கே இருக்கிறாய் என்று கேட்டார்கள். சொன்னான். எதிரே இருந்தவர் பேனாவை மூடிவிட்டு, "சொல்லி அனுப்புறோம்" என்றாராம். "நான் சோழிங்கநல்லூர்னுதான் சொல்லுவேன்" என்றாள் இன்னொருத்தி.

பேனா மூடும் அந்த நொடியை மட்டும் இருபது தடவையாவது செய்து பார்த்திருப்போம். டக்கென்று மூடினால் வெறும் கோபம்தான் தெரிகிறது. மெதுவாக மூடி, சிரித்தபடியே விண்ணப்பத்தை ஓரமாக நகர்த்தினால் வயிற்றைப் பிசைகிறது. கண்டுபிடித்தது அந்தப் பத்தாம் வகுப்புப் பெண். மேனேஜர் வேடம் அவளுக்கே.

ஜூன் 29

பிரேசில் நாடகக்காரர் அகஸ்டோ போவால் 1970களில் பெரு நாட்டில் வேலை செய்தபோது உருவான ஒரு முறையைச் சொன்னேன். ஒடுக்கப்படுகிறவர் தோற்பதோடு காட்சி முடியும். உடனே முதலிலிருந்து மறுபடி போடுவார்கள். பார்ப்பவர் யாராவது "நிறுத்து" என்று சொல்லி, அவருடைய இடத்தில் தானே நடித்துப் பார்க்கலாம். நடுவில் நின்று கூட்டத்தோடு பேசுகிறவரைப் போவால் ஜோக்கர் என்பார்.

"நம்ம கட்டியக்காரன்தானே?" என்றான் ஒருவன். தாத்தா ஊர் செய்யாறு பக்கம், விடிய விடியக் கூத்து பார்த்தவன். ஜோக்கர் என்ற சொல்லை அப்புறம் யாரும் எடுக்கவில்லை.

ஜூலை 13

மழை. நான்கு பேர். பறை மட்டும் அடித்தோம்.

ஜூலை 21, ஞாயிறு

இரண்டு பிளாக்குக்கு நடுவே சுண்ணாம்பில் வட்டம் போட்டோம். பழைய பேப்பரைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சி முதல் அடி விழுந்ததும் மாடி மாடியாகத் தலைகள். எட்டு மாடி. கீழே உட்கார்ந்தவர்களைவிட மேலே நின்றவர்கள் அதிகம். "மேல பார்த்துப் பேசு" என்று கட்டியக்காரன் எல்லாரையும் விரட்டிக்கொண்டே இருந்தான்.

இரண்டாம் முறை போடும்போது ஓர் அம்மா நிறுத்தினார். ஹவுஸ்கீப்பிங் சீருடைகூட மாற்றவில்லை. பையனை எழுப்பிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "பெரும்பாக்கம்தான் மேடம். காலையில நீங்க வர்றதுக்கு முன்னாடி இந்த மேசையைத் துடைச்சது பெரும்பாக்கத்துக் கைதான்."

விசில் அடங்கவே நேரமானது. மேனேஜராக நடித்த பெண் அசையவில்லை. பேனாவை மெதுவாக மூடினாள். "அது வேற வேலைம்மா."

எட்டு மாடியும் கப்சிப்.

இன்னும் ஐந்து பேர் வந்து பார்த்தார்கள். யாராலும் அவளை அசைக்க முடியவில்லை. ராத்திரி படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"நான் விட்டுக்கொடுத்திருக்கணுமா அக்கா?"

"அந்தக் கடைக்காரர் விட்டுக்கொடுப்பாரா?"

"மாட்டாரு." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப அவங்களையே கூப்பிடுங்க. என் நாற்காலியில அவங்க வந்து உக்காரட்டும்."

ஜூலை 27

ஓ.எம்.ஆர். சாலைக் கடைகளுக்கும் கம்பெனிகளுக்கும் பதினோரு கடிதம். நாடகம் பார்க்க வாருங்கள், ஒருவராவது நடிக்கவும் வாருங்கள் என்று பிள்ளைகளே எழுதினார்கள். அனுப்புநர் முகவரி பதினொன்றிலும் அந்தப் பிளஸ் டூ பையன் கையெழுத்து. வீட்டு எண், பிளாக் எண், பெரும்பாக்கம்.