ஆறு மணித்தியாலக் கணக்கு

கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கிற யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்தில் படித்தவள் நான். அங்கே புதிதாக வருகிற தங்கச்சிமார் தவறாமல் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, சங்கம், சிரமதானம் எண்டு திரிஞ்சால் படிப்புக் கெடுமோ?" கணக்குப் பார்க்காவிட்டால் கெடும். எனக்குக் கெட்டது.

2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தன. பள்ளிக்கூடங்களில் தங்கியிருந்த சனத்துக்குச் சாப்பாடு கொண்டுபோனோம். வெள்ளம் வடிந்த பிறகு கிணறுகள் இறைத்தோம். போனதில் இன்றுவரை எனக்கு வருத்தமில்லை. விரிவுரை தொடங்கிய பிறகும் வரவை எண்ணாமல் போய்க்கொண்டிருந்ததுதான் நான் விட்ட பிழை.

ஒரு கிரடிற் என்றால் 15 மணித்தியால விரிவுரை. இரண்டு கிரடிற் பாடத்துக்கு 30. பரீட்சை எழுத வரவு 80 வீதம் வேண்டும். அப்படியென்றால் கையில் மிஞ்சுவது 6 மணித்தியாலம். காய்ச்சல், வீட்டுக் கலியாணம் எல்லாம் அதற்குள்தான். நான் தாண்டிவிட்டேன். நீர்ப்பாசனப் பாடத்தை அடுத்த வருடம் ஜூனியர் பற்சோடு இருந்து எழுதினேன். ரிப்பீட் என்றபடியால் 'சி'க்கு மேல் கிடைக்காது. அன்று விடுதியில் அழுதது இன்னும் நினைவிருக்கிறது.

ஆனால் அந்தப் பாடத்தை எனக்கு விளங்கவைத்தது வெளியேதான். ஒருமுறை, குளத்து நீரை வைத்துச் சிறுபோகத்துக்கு எவ்வளவு விதைப்பது என்று கமக்காரரோடு பேசி முடிவெடுக்கிற கூட்டத்துக்குப் போய்ப் பின்வரிசையில் இருந்தேன். பக்கத்தில் இருந்த கமக்கார ஐயா சொன்னார்: "குளத்தில எத்தினை அடி தண்ணி நிக்குதெண்டு சொல்லு பிள்ளை, எத்தினை ஏக்கர் விதைக்கலாமெண்டு நான் சொல்லுறன்." பயிரின் நீர்த்தேவை, வாய்க்காலில் ஊறிப்போகும் நீர், ஆவியாதல் என்று நோட்ஸில் தனித்தனியாகக் கிடந்தவை அவர் வாயில் ஒரே கணக்காக வந்தன.

அதை அப்படியே குப்பியில் சொல்லிக்கொடுத்தேன். பரீட்சைக்கு முதல் நாங்களே ஒருவருக்கொருவர் படிப்பிக்கிற வகுப்புக்குத்தான் குப்பி என்று பெயர். சிங்களத் தோழி ஒருத்தி, "கடைசி வயலுக்கு ஏன் தண்ணி போறேல்லை?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். வாய்க்காலில் ஊறிப்போவதையும், முன் வயல்காரர் கூடுதலாக மறிப்பதையும் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கீறிக் காட்டினேன். அவளுக்குச் சொன்ன பதில்தான் விடைத்தாளில் எனக்குக் கைகொடுத்தது. குப்பிக்குக் கேட்க மட்டும் போகாதீர்கள். ஒரு பாடமாவது நீங்கள் எடுங்கள்.

முதலாம் வருடம் ஒரு சங்கம் போதும். பொருளாளர் பதவிக்கு உடனே தலையாட்ட வேண்டாம். பரீட்சைக் காலத்தில்தான் கணக்கு முடிக்கச் சொல்லிக் கேட்பார்கள். வெளியே போகிற நாளில் யார் நோட்ஸ் எடுப்பது என்று முதல்நாளே பேசிவையுங்கள்.

என் சொந்தத் தங்கச்சியும் இப்போது அங்கேதான் படிக்கிறாள். இரண்டு கிரடிற் பாடக் கொப்பி ஒவ்வொன்றின் பின்மட்டையிலும் ஆறு கட்டம் கீறி வைத்திருக்கிறாள். போன கிழமை பார்த்தேன். ஒரு கொப்பியில் இரண்டு வெட்டியாகிவிட்டது. ஒன்று காய்ச்சலுக்கு, மற்றது குளக்கட்டுச் சிரமதானத்துக்கு.