கழுத்தில் கத்தி

சவரக் கத்தி என் கழுத்தில் அப்படியே நின்றுவிட்டது.

திருநெல்வேலிச் சந்தைக்குப் பக்கத்துச் சலூன். தொலைக்காட்சியில் ‘சுப்ரமணியபுரம்’. 2008இல் வந்த படம், 1980களின் மதுரைக் கதை. காசி தன் நண்பன் பரமனைக் காட்டிக்கொடுக்கும் இடம். என் தாடையில் நுரை காய்ந்து இழுத்தது.

“கூடச் சாப்பிட்டவன், தம்பி,” என்றார் சலூன்கார அண்ணை.

பக்கத்து நாற்காலி வெறுமை. மூன்று மாதத்துக்கு முன்புவரை அவருடைய கூட்டாளி நின்ற இடம். எங்கே என்று கேட்கவில்லை. கத்தி அவர் கையில் அல்லவா!

படத்தில் அந்த நண்பர்களைக் கொலைக்கு அனுப்பிவிட்டுச் சிறையில் கைவிட்ட அரசியல்வாதிக் குடும்பத்தின் மேல் எனக்கு இவ்வளவு கோபம் வரவில்லை. பெரிய இடம், அப்படித்தான் செய்யும். ஒரே தட்டில் சாப்பிட்டவன் செய்வதுதான் ஆறுவதில்லை.

விளம்பரம் வந்த பிறகுதான் மறுபக்கத் தாடியை வழித்தார்.